ஓட்டை விழாத இலைகள்

சனிக்கிழமை காலையில் பூங்காவுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவள் அக்காதான். மற்றவர்கள் தொண்டு செய்ய வருகிறார்கள். அவள் வருவது சொந்த வீட்டு அடுப்படிக்கு வருகிற மாதிரி. வந்ததும் வராததுமாக ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே என்ன குறை என்று பார்த்து, நாலு வார்த்தை முணுமுணுத்துவிட்டுத்தான் கையுறையை மாட்டுவாள்.

யாருக்கு அக்கா என்று கேட்டால், இப்போதைக்கு எல்லோருக்கும். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்வை சோதிக்கிற வேலை அவளுக்கு. "இது தெரியுதா, இப்ப தெரியுதா" என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்டுக்கொண்டே இருப்பவள். அப்படிப்பட்டவள் கண்ணிலேயே ஒரு விஷயம் இத்தனை மாதமாகப் படாமல் போயிற்று என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

உண்மையில் அவளை 'அக்கா' என்று கூப்பிடப் பிறந்தவன் ஒருவன்தான். கூடப் பிறந்த தம்பி. செடிகள் வளர்த்து விற்கும் நர்சரி வைத்திருக்கிறான். அப்பா படுக்கையில் விழுந்தபோது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் அவள் முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். "அப்பாவைக் கொண்டுபோய்த் தள்ளினவ" என்று தம்பி உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். அதோடு போச்சு. பல வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான்.

சேர்த்து வைத்தது இந்தத் தோட்டம். பூங்காவின் ஊஞ்சல்களுக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளையும் காய்ந்த கிளைகளையும் போட்டு வைத்திருந்த ஒரு மூலை. தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் அங்கே ஒரு பூந்தோட்டம் போடுகிறோம் என்று அக்காவும் இன்னும் சிலரும் போய்க் கேட்டார்கள். பூங்கா அலுவலகமும் தொல்லை விட்டது என்று கொடுத்துவிட்டது. ஒரு பாத்திக்கு விதை போட்டுச் சூரியகாந்தி வளர்த்தார்கள். இன்னொரு பாத்திக்கு வளர்ந்த செடியே வேண்டியிருந்தது. அக்கா வீம்பை விழுங்கிக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தாள். ஊதாப் பூச்செடிகள் வேன் நிறைய வந்து இறங்கின. செடிகளுக்குப் பின்னாலேயே தம்பியும் இறங்கினான்.

இன்றைக்குப் பூங்கா அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் நகரத்தின் மற்றப் பூங்காக்களிலும் இதே மாதிரித் தோட்டம். செடி கொடுக்கிற வேலை முழுக்கத் தம்பிக்கு. அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டதற்கு அதுதான் காரணம்.

இப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்த ஊதாப் பாத்தியின் ஓரத்தில் ஒரு தேனீ மல்லாந்து கிடந்தது.

ஒன்றுதானே என்று தாண்டப் போனாள். பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. குனிந்து, செடியை விலக்கிப் பார்த்தாள். அடியில், மண் மேல், உதிர்ந்த பூவோடு பூவாகத் தேனீக்கள் கிடந்தன. ஒன்று மட்டும் இன்னும் சாகவில்லை. எழும்பப் பார்த்தது, குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதன் நாக்கு வெளியே நீண்டிருந்தது.

அக்கா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். கொசு மருந்து அடித்திருப்பார்களோ என்று எண்ணினாள். எழுந்துபோய்ச் சூரியகாந்திப் பாத்தியைப் பார்த்தாள். அங்கே தேனீக்கள் சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்தன. தரையில் ஒன்றுகூடச் செத்துக் கிடக்கவில்லை. இலைகளையெல்லாம் புழு தின்று சல்லடையாக்கி வைத்திருந்தது.

திரும்பி ஊதாப் பாத்திக்கு வந்தாள். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைத் திருப்பினாள். மண்டியிட்டு, ஒவ்வொரு செடியாக, கடைசிவரை பார்த்துக்கொண்டே போனாள். ஓர் இலையிலும் ஓட்டை இல்லை.

இந்த இலைகளைக் காட்டி எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பாள்! தோட்டத்து வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். 'இலையில் ஓட்டை இருந்தால் பயப்படாதீர்கள். யாரோ சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்' என்று அதில் எழுதச் சொன்னவளும் இவளேதான். யாருமே சாப்பிடாத செடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு நாள்கூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தம்பி கொடுத்த செடி, கண்ணுக்கு அழகாக இருந்தது, அவ்வளவு போதுமாக இருந்தது அவளுக்கு.

"என்ன, தலைவி மண்ணுல உட்கார்ந்துட்டாங்க?"

கையில் பிளாஸ்க்கோடு அவள் கணவர். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூங்காவில் எல்லோருக்கும் அவர் பஸ்காரர். தோட்ட வேலை எதுவும் செய்ய மாட்டார். செய்கிறவர்களைக் கேலி செய்வதோடு சரி.

"இங்க வந்து பாருங்க."

பார்த்தார். கேலி நின்றது. "மருந்து அடிச்சிருக்காங்களா?"

"அடிச்சிருந்தா ரெண்டு பாத்தியிலயும்தானே சாகணும். இதுல மட்டும் சாகுது. இங்க பாருங்க, ஒரு புழு கூட இல்ல. வச்ச நாள்லேருந்து இல்ல."

பஸ்காரர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "மச்சான்கிட்ட கேளு," என்றார்.

"இன்னிக்கா? ஆபீசர் வர்ற நேரத்துலயா?"

"வேற என்னிக்குக் கேப்ப? ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போனதுக்கு அப்புறமா?"

"இப்பத்தாங்க அவன் வாய் நிறைய அக்கான்னு கூப்பிடுறான்."

"அதுக்குத்தான் சொல்றேன். இப்பவே கேளு."

தம்பியின் வேன் வந்து நின்றது. அதிகாரிக்காக இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. "என்னக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு? நான் இருக்கேன்ல, எல்லாம் ஜோரா நடக்கும்," என்றபடி வந்தான். அக்கா மண்வெட்டியும் குழாயும் வைக்கிற தகரக் கொட்டகைக்குப் பின்னால் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் செத்த தேனீக்கள்.

"உன் செடிக்கு அடியில கிடந்துச்சு. செடிக்கு மருந்து போட்டியா?"

"நர்சரின்னா மருந்து போடாமலா?"

"என்ன மருந்து?"

"வேர்ல ஊத்துறது. ஒரு தடவை ஊத்தினா போதும், செடி முழுக்க ஏறிக்கும். பூச்சி வாயே வைக்காது."

"பூவுலயும் ஏறுமா?"

தம்பி சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டான். "ஏறும்னுதான் சொல்றாங்க."

"பூவுல இருக்கிற தேன்ல?"

"நான் என்ன குடிச்சா பார்த்தேன்?"

"இது தேனீக்காகப் போட்ட தோட்டம்டா. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எப்படி இதைக் கொண்டுவந்து இறக்கின?"

"நீ போன்ல என்ன சொன்ன, அதைச் சொல்லு முதல்ல." தம்பியின் குரலில் இதுவரை இருந்த குழைவு போய்விட்டது. "ஒரு இலையில ஒரு ஓட்டை இருக்கக் கூடாது, பெரிய மனுஷங்க வந்து பார்ப்பாங்க, என் தம்பிகிட்ட வாங்கினேன்னு நான் தலை நிமிர்ந்து சொல்லணும். சொன்னியா இல்லியா? எனக்கு உன் போன் வந்ததே பெரிசு. வழக்கமா ஊத்துறதுக்கு மேல ரெண்டு மடங்கு ஊத்தினேன். யாருக்காக? உனக்காகத்தான்."

அக்கா ஆடிப்போனாள். அவள் சொன்னதுதான். வார்த்தைக்கு வார்த்தை அவள் சொன்னதுதான். பல வருஷம் கழித்துத் தம்பியிடம் பேசுகிற பதற்றத்தில், வேறு எதைப் பேசுவது என்று தெரியாமல், செடியைப் பற்றியே வளவளவென்று பேசிய நாள் அது. பூச்சிக்காகத் தோட்டம் போடுகிறவள், பூச்சி கடிக்காத செடியைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஊரில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. அவளால்தான் முடியும்.

"ஆபீசர்கிட்ட சொல்லப் போறியா?" என்றான் தம்பி.

"சொல்லாம எப்படி? இதே செடியை எல்லாப் பூங்காவுலயும் வச்சா என்ன ஆகும்?"

"சொல்லு. இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா நர்சரியை இழுத்து மூட வேண்டியதுதான். அப்பாவுக்கு ஒரு முடிவு எடுத்த. எனக்கும் ஒண்ணு எடுத்துடு."

அந்த வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று அவனுக்குத் தெரியும். தைத்தது. அக்காவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. தம்பி அதைப் பார்த்தான். சட்டென்று இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கோவத்துல சொல்லிட்டேன். இங்க பாரு. இப்பவே எல்லாத்தையும் வேரோட மண்ணோட எடுத்துட்டுப் போயிடுறேன். நர்சரிக்குப் பின்னால குழி தோண்டிப் புதைச்சிடுறேன். மத்த பூங்காவுக்கு விதையிலேருந்து, ஒரு சொட்டு மருந்து இல்லாம வளர்த்துத் தரேன். உன் மேல சத்தியமா. என் பேரை மட்டும் இழுக்காத. சாயங்காலம் வீட்டுக்கு வா. என் வீட்டுக்காரி உன்னைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கா."

வீட்டுக்கு வா. இந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். சத்தியத்தை அவள் எடைபோட்டுப் பார்க்கவே இல்லை. தம்பி கை தன் கைமேல் இருக்கிறது என்பது ஒன்றுதான் புத்தியில் ஏறியது.

"செடிக்கு நோய்னு சொல்லிடலாம்," என்றாள். அந்தப் பொய் முதலில் வந்தது அவள் வாயிலிருந்துதான். தம்பியைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

தொண்டர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் இருவர். ஒருவர் கர்னல். ராணுவத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே வயசானவர். ஆனால் எதையும் உத்தரவாகத்தான் சொல்வார், கழுத்தில் ஒரு விசில் வேறு. இன்னொருத்தி பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளாவது பூவைப் பார்க்கிறேனே என்று சொல்லி வந்து சேர்ந்தவள். அக்காவிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

"நோயா?" என்றார் கர்னல். "நேத்து சாயங்காலம் வரைக்கும் ராஜா மாதிரி நின்னுச்சே."

"வேர்ல வர்ற நோய் சார். மேல தெரியாது," என்றான் தம்பி, படித்தவன் தோரணையில். "விட்டா சூரியகாந்திக்கும் பரவிடும். ஒண்ணு விடாம எடுத்தாகணும்."

பல் டாக்டர் குனிந்து, மண்ணிலிருந்து ஒரு தேனீயை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "செடிக்கு நோய்னா தேனீ ஏன்க்கா சாகுது?"

"வெயில் தாங்காம இருக்கும்மா," என்றாள் அக்கா.

பல் டாக்டர் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து மேகமூட்டமாகத்தான் இருந்தது. தேனீயைச் செடியடியில் மெல்ல வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

பிடுங்கினார்கள். கர்னல் அன்றைக்கு ஒரு முறைகூட விசில் ஊதவில்லை. வெறும் மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கி, குடத்தில் தண்ணீர் சுமந்து, குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்த செடிகள். பூத்துக் குலுங்குகிற நேரத்தில் அவற்றைத் தோண்டி எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆனாலும் தோண்டினார்கள், அக்கா சொல்லிவிட்டாளே என்று. அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது. ஒருவராவது எதிர்த்துப் பேசினால், உண்மையைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும் என்று அவள் ஏங்கினாள். யாரும் எதிர்க்கவில்லை.

அதிகாரி வந்தபோது பாதிப் பாத்தி காலியாகியிருந்தது. "என்னம்மா இது, தோட்டத்தைப் பார்க்கலாம்னு வந்தா தோண்டி வச்சிருக்கீங்க?"

அக்கா சொன்னாள். வேர், நோய், பரவும் என்று தம்பி சொன்னதையே திருப்பிச் சொன்னாள். நல்ல மனிதர் அந்த அதிகாரி. குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். தம்பி பக்கம் திரும்பினார். "நோய்னு தெரிஞ்ச உடனே தன் வேனைக் கொண்டுவந்து தானே எடுத்துட்டுப் போறாரே. இப்படி ஒரு நர்சரிக்காரரை நான் பார்த்ததில்ல. மத்த பூங்காவுக்கும் நீங்களே கொடுங்க, நான் எழுதிடுறேன்."

தம்பி கைகுவித்தான். அந்த அடக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அக்கா திரும்பிக்கொண்டாள். போகட்டும், இனிமேல் மருந்து போட மாட்டான் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

வேன் போனது. எல்லோரும் கை கழுவினார்கள். பல் டாக்டர் கையுறைகளைத் தட்டி, மடித்து, அக்காவிடம் நீட்டினாள்.

"அடுத்த வாரம் வேணுமே, நீயே வச்சிக்கோ," என்றாள் அக்கா.

"இல்ல மேடம், நான் வரல."

அக்காவுக்கு அந்த 'மேடம்' கன்னத்தில் விழுந்தது. "என்னம்மா, திடீர்னு?"

"நான் பார்க்கிற வேலையில தினமும் பொய் கேக்குறேன் மேடம். ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறேன்னு சொல்லுவாங்க. வாயைத் திறந்தா தெரிஞ்சிடும். அவங்க மேல எனக்குக் கோவம் வர்றதில்ல, அவங்க யாரோ. நீங்க அப்படி இல்லையே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அக்கா இரண்டு ஜோடிக் கையுறைகளோடு நின்றாள்.

வீட்டுக்கு வந்து பஸ்காரர் தானே சோற்றைப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் பேசினார்.

"இத்தனை வருஷத்துல நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. பரவாயில்ல, நல்லாத்தான் வருது உனக்கு."

"குத்திக் காட்டாதீங்க. அவனைத் தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. உன் தம்பி, உன் தோட்டம். நடுவுல நான் யாரு, பஸ் ஓட்டினவன்."

"சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கான். வர்றீங்களா?"

"நீ போயிட்டு வா. எனக்கு வயிறு சரியில்ல," என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அக்கா தனியாகத்தான் போனாள். வெளுத்த ஊதா நிறத்தில் இருந்த நல்ல புடவையை எடுத்து, ஏனோ வேண்டாமென்று வைத்துவிட்டு, வேறு ஒன்றைக் கட்டிக்கொண்டாள். வேனில் ஏற்ற மறந்துபோன, செடி அடுக்கும் பிளாஸ்டிக் ட்ரேக்களைப் பையில் போட்டுக்கொண்டாள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வழியில் பழம் வாங்கினாள்.

நர்சரியும் வீடும் ஒரே வளாகம். பச்சை வலைக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகத் தொட்டிகள், தாண்டிப் போனால் வீட்டு வாசல். தம்பி மனைவி ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க அண்ணி, வாங்க. இப்பவாவது வழி தெரிஞ்சுதே உங்களுக்கு. உட்காருங்க. அவர் இப்ப வந்துடுவார்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டாள். அக்கா வீட்டைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். சுவரில் அப்பாவின் படம். அவள் வீட்டில் இருக்கிற அதே படம். எல்லாம் இதற்காகத்தானே, காலையில் சொன்ன பொய் பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்தக் கணத்தில் அவள் முழுமனதாக நினைத்தாள்.

"உனக்கும் வேலை வச்சிட்டேன்," என்றாள். "குழியெல்லாம் தோண்டியாச்சா?"

"என்ன குழி அண்ணி?"

"அந்தச் செடியைப் புதைக்க."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். "பூத்து நிக்கிற செடியை யாராவது புதைப்பாங்களா? குழந்தைங்க நூலகம் புதுசாக் கட்டியிருக்காங்கல்ல, உங்க பூங்காவுக்குப் பின்னாடி, சுவர்கூட ஒண்ணுதானே, அதோட வாசல்ல வைக்கப் போயிருக்கார். வாடறதுக்குள்ள நட்டாகணும்னு நேரா பூங்காவுலேருந்தே ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வரல."

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்ன யோசனைதானே அண்ணி? பூங்காவுல இடம் போதல, நூலகத்துக்குக் கொடுத்துடுன்னு அக்காதான் சொன்னாங்கன்னு போன்ல சொன்னாரே. நூலகத்துக்காரங்க முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாங்களாம். கண்ணாடிக் கடை அக்கா தோட்டத்துச் செடின்னு சொன்னதும் மறுபேச்சு இல்லியாம். உங்க பேருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. அக்கா சூரியகாந்தியில் காலையில் இரைந்த தேனீக்களை நினைத்தாள். நடுவில் ஒரே ஒரு சுவர். சுவர் மனிதர்களுக்குத்தான். பாத்தியிலிருந்து பிடுங்கியதை, பாத்திக்குப் பக்கத்திலேயே நட்டிருக்கிறான். பல் டாக்டரை இழந்தது, கர்னலை ஏமாற்றியது, கட்டியவரிடம் தலை குனிந்தது, அத்தனையும் இதற்காக. இந்த முறை அவள் பெயரையும் சேர்த்து நட்டிருக்கிறான்.

"என்ன அண்ணி, டீ ஆறுதே."

அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அதிகாரியின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வேன் வந்து நின்றது. தம்பி இறங்கி வந்தான். காலையில் போட்ட இஸ்திரிச் சட்டை கசங்கி, இரண்டு கையிலும் முழங்கை வரை மண். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வந்துட்டியா? டீ குடிச்சியா? யாருக்குப் போன், மாமாவுக்கா? அவரையும் வரச் சொல்லு."

"நூலகத்துல நட்டுட்டியா?" என்றாள் அக்கா.

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரியவில்லை.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. அவ்வளவு செடியை வீணாக்க முடியுமா? அங்க யாரும் தேனீக்குன்னு தோட்டம் போடல. அழகுக்குக் கேட்டாங்க, கொடுத்தேன். போனை வையி."

"சொல்லுங்கம்மா," என்றது அதிகாரியின் குரல்.

அக்கா எழுந்து நின்றாள். "சார், காலையில நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். செடிக்கு நோய் இல்ல. வேர்ல ஊத்தின மருந்து பூவுல ஏறித்தான் தேனீ செத்துச்சு. ஒரு ஓட்டை இல்லாத செடியா வேணும்னு கேட்டு வாங்கினது நான். ஊத்தினது என் தம்பி. அதே செடியை இப்ப நூலகத்து வாசல்ல நட்டிருக்கான். இன்னிக்கே எடுத்தாகணும் சார். மத்த பூங்காவுக்கு எழுதினதையும் நிறுத்தி வையுங்க."

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி ஒரு அடி முன்னால் வந்தான், பிறகு வரவில்லை.

"அம்மா, இது சாதாரண விஷயம் இல்ல," என்றார் அதிகாரி கடைசியில். "காலையில ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு அவர் இல்லவே இல்லம்பார். இதையே உங்க தம்பி முன்னாடி நின்னு சொல்ல முடியுமா உங்களால?"

"அவன் முன்னாடிதான் சார் நிக்கிறேன்."

"அப்படியா? அப்ப போனை அவர்கிட்ட கொடுங்க."

அக்கா போனை நீட்டினாள். தம்பி மண் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.